என் அறையில் இருந்த முப்பாட்டன்மார்

ஒரு தடவையேனும் கப்பலேறாமல், உடம்பில் ஒரு சொட்டு வெள்ளை இரத்தமும் இல்லாமல், இங்கிலாந்தில் ஏழு தலைமுறைச் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் சீமையார்தான். இதை மறுப்பவர்கள் தகுந்த சான்றுகளுடன் எனக்கு எழுதலாம். பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் கந்தோரில் காலம் தள்ளி இளைப்பாறியவன் நான். சான்றில்லாத பேச்சு என் காதில் ஏறாது.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்களுக்கு அறையும் சாப்பாடும் தந்த மலர் அக்காவின் போடிங் இருந்தது. இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அறுபதுகளில் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளறிக்கல் உத்தியோகத்தர்கள். சனிக்கிழமை மீன், வெள்ளிக்கிழமை மரக்கறி, சம்பளத்தன்று சினிமா என்று ஒழுங்காகச் சீவித்தவர்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒருநாள், துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க் ஒருவர், ஒரு றங்குப்பெட்டியும் கக்கத்தில் ஒரு நீளமான கடதாசிச் சுருளுமாக வந்து சேர்ந்தார். கொட்டாஞ்சேனைக்காரர். நாற்பது வயது மதிக்கலாம். பெயர் என்னவென்று மலர் அக்கா கேட்டார்.

"அந்தோனி கிரிம்ஷோ."

மலர் அக்கா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மனிதர் எங்களில் எவரையும்விட இரண்டு பிடி கூடுதலாகக் கறுப்பு. "சீமையிலிருந்தோ வாறியள்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் சீமையார்.

சுருளில் இருந்தது கிரிம்ஷோ குடும்பத்தின் வம்சமரம். இங்கிலாந்தின் வடக்கே, மழையும் ஆட்டு உரோமமும் தவிர வேறெதுவும் விளையாத ஒரு சிற்றூரில், நெசவாளிகளாயும் மா அரைக்கும் மாவாலைக்காரராயும் சாராயத் தவறணை நடத்துபவர்களாயும் வாழ்ந்து மடிந்த ஒரு குடும்பம். கப்பல்களில் கழித்துவிட்ட கடல் வரைபடங்களின் பின்பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டி, மைப்பேனையால் வரைந்திருந்தார். முதலில் அது அவருடைய அறைச் சுவரில் அடங்கியது. வருடாவருடம் ஆட்கள் பெருகப் பெருக மரம் கதவைத் தாண்டி நடைபாதைக்கு வந்தது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நிரம்பிவிட்டது. பிறகு ஒருநாள் என் கதவைத் தட்டினார்.

"ரெஜிஸ்ட்ரார், ஒங்கட செவுரு சும்மா தானே கெடக்குது?"

அப்படியாகப் பதினெட்டாம் நூற்றாண்டு என் அறைக்குக் குடிவந்தது. நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, 'எக்ஸ்கியூஸ்' என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, தோமஸ் என்ற மாவாலைக்காரருக்கு இன்னொரு பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் போவார். தோமசுக்குப் பிள்ளைகள் கூடக்கூட என் சட்டை கொழுவும் ஆணிகள் குறைந்தன.

இந்த வெள்ளைக்காரர் அவருக்கு எப்படிச் சொந்தமானார்கள் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது, ஏதோ சீனி விலையைச் சொல்வதுபோலச் சொன்னார். கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய அநாதைப் பிள்ளைகளின் இல்லத்து வாசலில் யாரோ அவரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தாய் யார், தகப்பன் யார், தெரியாது. ஞானஸ்நானம் கொடுப்பதற்கு ஞானத்தகப்பன் ஒருவர் வேண்டும். ஞாயிறு பூசைக்கு வந்திருந்த வில்லியம் கிரிம்ஷோ என்ற துறைமுக எஞ்சினியரைக் கன்னியாஸ்திரிகள் மறித்துப் பிடித்திருக்கிறார்கள். அவர் குழந்தைக்குத் தன் பெயரையும், இல்லத்துக்கு ஒரு பிஸ்கட் டின்னையும் கொடுத்துவிட்டு, அடுத்த வருடமே ஊருக்குக் கப்பலேறிவிட்டார்.

"அப்ப அவை உங்களுக்குச் சொந்தமில்லையே, அண்ணை," என்றேன் நான். சட்டத்தைச் சொல்ல வேண்டியது என் கடமை. "ஞானத்தகப்பனுக்கு எங்கட பதிவிலை ஒரு நிரலும் இல்லை."

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். "அது தெரியும். ஆனா பேரு அவர்ட தானே?"

ஞானத்தகப்பனுடைய பிள்ளைகள் ஞானச் சகோதரர்கள் என்பது அவருடைய வாதம். அவர்களில் ஒருவராவது தன்னைச் சகோதரன் என்று ஒத்துக்கொண்டால் போதும் என்றார். அதன் பிறகு மேலேயும் கீழேயும் இருக்கும் அத்தனை பேரும் வரிசையாகச் சொந்தமாகிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளும் நாளில் ஒருவரும் விடுபட்டுப் போகக்கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே எல்லாரையும் எழுதி வைக்கிறாராம். காணி வாங்க முதல் வேலி அடைக்கிற வேலை என்று நான் நினைத்தேன்.

அவர் தேடிய விதம் தனி. வடக்கு இங்கிலாந்தின் பங்குத்தந்தையர், நகரசபைக் குமாஸ்தாக்கள், கல்லறைக் காவலர்கள் எல்லாருக்கும், பதில் முத்திரைக்கு வேண்டிய கூப்பனும் வைத்து, எழுதினார். கடித நடைமுறையை நான் திருத்திக் கொடுத்தேன். துறைமுகத்துக்கு வரும் ஆங்கில மாலுமிகளையும் விடவில்லை. ஒருமுறை ஒரு செம்பட்டைத் தலைக்காரனைப் போடிங்குக்கே கூட்டி வந்து, இடியப்பமும் சொதியும் கொடுத்து, கிரிம்ஷோ எவரையாவது தெரியுமா என்று விசாரித்தார். மாலுமி நெடுநேரம் யோசித்து, ஒருவரைத் தெரியும், கால்பந்து நடுவர், கண் பார்வை போதாது என்றான். சீமையாருக்கு அன்று முழுவதும் மனம் சரியில்லை. "நம்ம குடும்பத்தில கண் நோய் இருக்குது போல," என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

துறைமுகத்தில் ஒருமுறை அவர் துக்க லீவு கேட்ட கதை எங்கள் கந்தோர்வரை வந்தது. செத்தது யார் என்று மேலதிகாரி கேட்டாராம். வோல்ட்டர் கிரிம்ஷோ, நெருங்கிய சொந்தம் என்றிருக்கிறார். எப்போது செத்தார் என்று கேட்க, முதலாம் உலக யுத்தத்துக்கு முன்பு என்று பதில் வந்திருக்கிறது.

"அதுக்கு இப்ப ஏன் லீவு?"

"சேர், எனக்குப் போன வெள்ளிக்கிழமை தானே தெரியும்."

இந்த வோல்ட்டரைப் பற்றி அறிவித்தவர் செல்வி டொரத்தி கிரிம்ஷோ. ஞானத்தகப்பனுடைய ஒரே மகள். பியானோ சொல்லிக்கொடுத்து இளைப்பாறியவர், மணம் முடிக்காதவர், ஒரு நாயுடன் தனியே இருந்தவர். எத்தனையோ கடிதங்களுக்குப் பிறகு அவரைக் கண்டுபிடித்தபோது சீமையார் போடிங்குக்கே மஸ்கற் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். மாதத்துக்கொரு கடிதம் போகும், ஒரு கடிதம் வரும். அவர் 'அன்புச் சகோதரி' என்று தொடங்குவார். அங்கிருந்து 'அன்புள்ள திரு கிரிம்ஷோ' என்று பதில் வரும். உறையைக் கிழித்து முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு கணம் மடித்து வைத்திருப்பார். பிறகுதான் மிச்சத்தை வாசிப்பார்.

அந்த அம்மாவும் பொறுமைசாலிதான். 'எங்கள் அங்கிள் வோல்ட்டர்' என்று அவர் எழுதியதும் சீமையார், வோல்ட்டர் தாய்வழியா, தகப்பன்வழியா, தகப்பன்வழியானால் பெரியப்பாவா சித்தப்பாவா, அல்லது அத்தையின் புருசனா என்று ஒரு பக்கத்துக்குக் கேட்டு எழுதினார். இதெல்லாம் தனக்குத் தெரியாது, அவர் வெறும் அங்கிள் வோல்ட்டர்தான், கிறிஸ்மசுக்குத் தோடம்பழம் கொண்டு வருவார் என்று பதில் வந்தது.

"வெறும் அங்கிளாம்!" என்று கடிதத்தை மலர் அக்காவிடம் நீட்டினார் சீமையார்.

"பாவம், சொல்லிக் குடுக்க ஆக்கள் இல்லைப்போலை," என்றார் மலர் அக்கா.

இதைவிடப் பெரிய இடி பின்னால் வந்தது. ஒரு பங்குத்தந்தை அனுப்பிய விவாகப் பதிவொன்றில், டொரத்தியின் பூட்டனான ஜோசப் கிரிம்ஷோ, ஹன்னா கிரிம்ஷோ என்பவரைக் கட்டியிருந்தார். ஹன்னா, ஜோசப்பின் சித்தப்பா மகள். சீமையார் அதை என்னிடம் கொண்டு வந்து காட்டினார். பதிவு சரியானது, திருச்சபை விசேட அனுமதி கொடுத்திருக்கிறது, நடைமுறையில் பிழையில்லை என்றேன்.

"பாதர் பர்மிஷன் குடுக்கலாம். ஆனா அவ தங்கச்சி தானே?"

"ஏன், அவைக்கு ஊரிலை ஒரு மச்சாள் கிடைக்கேல்லையோ?" என்று மலர் அக்கா குசினிக்குள் இருந்தபடி கேட்டார். அந்தக் கலியாணத்தை அழித்தால் டொரத்தியே பிறந்திருக்கமாட்டார். வைத்திருந்தால் குடும்பத்துக்கு அவமானம். ஈற்றில் சீமையார் நடைபாதையில் அந்தக் கிளைக்கு மேல் ஒரு ஆணி அடித்து, புடைவைக்கடைக் கலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டார். ஒரு குடும்ப இரகசியத்தைக் காப்பாற்றும் தோரணை அவர் முகத்தில் இருந்தது. சொந்தக் குடும்பம் உள்ளவர்களுக்குத்தான் அந்தத் தோரணை வரும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மலர் அக்கா சும்மா இருக்கவில்லை. மனிதருக்குச் சீமையில் தேடியது போதும், கொழும்பிலேயே ஒரு குடும்பத்தை உண்டாக்கிவிடலாம் என்று எண்ணி, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கலியாணத் தரகரை வரவழைத்தார். நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம். அக்கா பிறகு சொன்னதுதான். தரகர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்: ஆக்கள் யார்? சீமையார் அவரைக் கையில் பிடித்து அழைத்துப் போய், நூற்றாண்டு நூற்றாண்டாகக் காட்டியிருக்கிறார். என் அறையும் திறந்து காட்டப்பட்டது. தரகர் பொறுமையாகப் பார்த்தார். ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் எப்போது முடிகிறது என்று பார்ப்பதற்கு (தபசுக்குள் கலியாணம் வைக்க முடியாதே) நடைபாதைக் கலண்டரைக் கையால் தூக்கினார். கீழே ஜோசப்பும் ஹன்னாவும் இருந்தார்கள்.

"இதென்ன, சித்தப்பா மகளை எடுத்திருக்குது?"

சீமையார் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் தரகர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வெள்ளைக்காரன் பாடு வெள்ளைக்காரனோட என்றுவிட்டு, கலண்டரை நேராக்கினார்.

"இதெல்லாம் சரி அந்தோனி. பொண்ணு வீட்டுக்கு ஒங்க பக்கத்தால வாறதுக்கு ஒரு ஆள் இருக்குதா?"

சீமையார் தரகருடைய குடையை எடுத்துக் கொடுத்தாராம். அதன் பிறகு கலியாணப் பேச்சு இல்லை. ஆனால் வம்சமரத்தில் அந்த வருடம் மட்டும் இன்னும் முப்பது பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் என் அலுமாரிக்குப் பின்னால்.

இனி அவருடைய இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். காலையில் பேப்பர் வந்ததும் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார். எங்கள் மரண அறிவித்தல்கள் எப்படியென்று வாசகர்களுக்குத் தெரியும். செத்தவர் பிறந்த ஊர், வசித்த ஊர், இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவன், இன்னாரின் மருமகன், மைத்துனன், சகலன், சம்பந்தி என்று ஒருவரையும் விடமாட்டோம். விட்டால் விடுபட்டவர் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு வரமாட்டார். சீமையார் அதைச் சத்தமாக, ராகத்துடன், சாப்பாட்டு மேசையில் வாசிப்பார். 'சகலன்' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். ஆங்கிலத்தில் அதற்குச் சொல் கிடையாது என்பதில் அவருக்கு வருத்தம்.

வாசிப்பதோடு விடமாட்டார், போவார். வெள்ளவத்தை, கிருலப்பனை, கொட்டாஞ்சேனை, எங்கே செத்தவீடு என்றாலும் வெள்ளைச் சட்டையும் குடையுமாக நிற்பார். களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து உடலை எடுக்க ஆள் இல்லையென்றால் அதற்கும் போவார். தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு இல்லை. கதிரை அடுக்குவார், சோடா உடைப்பார், மூத்த மருமகனுக்கு முன்னால் இளைய மருமகன் நின்றால் மெதுவாகக் கையைப் பிடித்து மாற்றி விடுவார்.

செத்தவீடு என்பது எங்களிடையே கொடுக்கல் வாங்கல். நான் உன் வீட்டுத் துக்கத்துக்கு வந்தால் நீ என் வீட்டுத் துக்கத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நிற்கும். அந்தக் கணக்கில் கொழும்பின் பாதிக் குடும்பங்கள் சீமையாருக்குக் கடன்பட்டிருந்தன. திருப்பிக் கொடுக்கத்தான் வழியில்லை. அவருக்குச் சாவதற்கு ஒருவரும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாரிகாலத்தில் அந்தக் கடிதம் வந்தது. டொரத்தியின் எழுத்து இல்லை. அயல்வீட்டுக்காரப் பெண் இப்படி எழுதியிருந்தார்: செல்வி கிரிம்ஷோ நித்திரையிலேயே அமைதியாகக் காலமாகிவிட்டார். நாயை நான் எடுத்துக்கொண்டேன். அடக்கம் முடிந்துவிட்டது. அறிவிப்பதற்கு வேறு ஒருவரும் இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் கடிதங்கள் மேசையில் கட்டுக் கட்டாக இருந்தன. ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

சீமையார் அதை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார். நான் இருமுறை வாசித்தேன். அவர் முகத்தைப் பார்ப்பதைவிட அது இலேசாக இருந்தது.

"பேப்பர்ல போடணும்," என்றார். "நீங்க எழுதித் தாங்க. ஒங்களுக்கு முறை தெரியும் தானே."

எழுதத் தொடங்கினேன். இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட செல்வி டொரத்தி கிரிம்ஷோ காலமானார். அன்னார் காலஞ்சென்ற வில்லியம், மார்கரெட் தம்பதியரின் ஏக புத்திரியும், காலஞ்சென்ற வோல்ட்டரின் பெறாமகளும் (வோல்ட்டர் சித்தப்பாதான் என்று பல வருடக் கடிதப் போக்குவரத்தின் பின் நிரூபணமாகியிருந்தது), காலஞ்சென்ற ஜோசப், ஹன்னா தம்பதியரின் பூட்டப்பிள்ளையும் ஆவார். எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'காலஞ்சென்ற' வந்தது. உயிரோடிருக்கும் ஒருவருடைய பெயராவது வராமல் எங்கள் அறிவித்தல் முடிவதில்லை. பேனை நின்றது.

"ஞானச் சகோதரன் எண்டு போடலாமா?" என்று கேட்டார். பிறகு தானே, "ஒங்கட சட்டத்தில எடமில்ல தானே," என்றார்.

நான் எழுதினேன்: அந்தோனி கிரிம்ஷோவின் அன்புச் சகோதரியும்.

அவர் குனிந்து வாசித்தார். "'ஞான' எங்க?"

"இடம் காணாது, அண்ணை," என்றேன்.

அறிவித்தலின் அடியில் போடிங்கின் விலாசத்தைப் போட்டதுதான் பிழையாகிவிட்டது. அல்லது சரியாகிவிட்டது. அது வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மலர் அக்கா அப்பத்துக்கு மாவைக் கலக்கிக்கொண்டிருக்கும்போதே, கிருலப்பனையிலிருந்து ஒரு குடும்பம் வெள்ளையுடுத்து வந்து நின்றது. அவர்களுக்குப் பின்னால் இன்னொன்று. பத்து மணிக்குள் ஒழுங்கை நிரம்பிவிட்டது. செத்தவர் யார் என்று பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. சீமையார் வீட்டில் துக்கம் என்பது போதுமானதாக இருந்தது. கொடுக்க வழியில்லாமல் இத்தனை வருடம் வைத்திருந்த கடனைத் திருப்பிக் கொடுப்பதற்குக் கொழும்பே அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தது.

உடல் எங்கே என்று கேட்டவர்களுக்கு மலர் அக்கா, "அங்கையே முடிஞ்சுது," என்றார். பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று, டொரத்தி அனுப்பியிருந்த ஒரே படத்தைச் சட்டத்துக்குள் வைத்து, மெழுகுதிரி ஏற்றி, முழு மாலையொன்றைப் போட்டோம். மாலை பெரிதாகிவிட்டது. டொரத்தி முழுதாக மறைந்து, மடியிலிருந்த நாயின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. வந்தவர்கள் அதற்கும் கைகூப்பினார்கள்.

கொட்டாஞ்சேனைத் தரகரும் வந்தார். வாசலில் நின்று ஒழுங்கையின் அந்த முனைவரைக்கும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்.

சீமையார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தார். செத்தவீடுகளில் அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை. ஒவ்வொருவராக வந்து இரண்டு கைகளுக்குள்ளும் அவருடைய கையை வாங்கிக்கொண்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் அதே இரண்டு வசனத்தைச் சொன்னார்: நோய் வருத்தம் ஒண்டும் இல்ல. நித்திரையிலயே போயிட்டா. எத்தனையோ வீடுகளில் கேட்ட வசனங்கள். சொல்லும் முறை தனக்கு வரும் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார். இடையில் ஒருமுறை நிமிர்ந்து, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒரே வீட்டில் இருப்பவன் துக்கம் விசாரிக்கத் தேவையில்லை என்பது நடைமுறை. ஆனாலும் நான் வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, குசினிப் பக்கத்தால் வெளியேறி, வீதியால் சுற்றி வந்து, முன் கேற்றில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நித்திரையிலயே போயிட்டா," என்றார் எனக்கும்.

அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை இருந்தது. எந்தச் செத்தவீட்டிலும் அது சொந்தக்காரருக்கானது. காலையிலிருந்து வெறுமையாகக் கிடந்தது. நான் போய் அதில் இருந்தேன்.

அடுத்து வந்த முதியவர் அவருடைய கையைப் பிடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எங்கள் ஆட்கள் கேட்காமல் விடாத கேள்வியைக் கேட்டார்:

"தம்பி இவைக்கு என்ன முறை?"

வாழ்நாள் முழுவதும் மற்றவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு, சான்றும் கேட்டவன் நான். சீமையார்தான் முந்திக்கொண்டார்.

"எங்கட முப்பாட்டன் ஆக்கள் எல்லாம் இவர்ட அறையில தானே இருக்கிறாங்க."

முதியவர், நெருங்கின சொந்தம்தான் என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு என் கையையும் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டார். நான் கொடுத்தேன்.